ஒன்பது செகண்டு

உட்காருங்கக்கா. அந்தப் பக்கம் வேண்டாம், காற்று தெற்கேயிருந்து வருகிறது, மிளகாய் நெடி நேராக உங்கள் மூஞ்சியில் ஏறும். ஸ்டூலை இப்படி வாசலோரமாக இழுத்துப் போட்டுக்கங்க. வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி மோந்து கொடுக்கவில்லையே என்று நினைக்காதீங்க. இந்தக் கையால் கொடுத்தால் குடிக்கிற உங்களுக்கு உதடு எரியும். குடத்து மேலேயே சொம்பு இருக்கிறது, நீங்களே எடுத்துக்கங்க.

குண்டு மிளகாய்க்கா. காம்பு கிள்ளிக் கொடுக்கணும். சாயங்காலம் கமிஷன் கடை வண்டி வந்து சாக்கை ஏற்றிக்கொண்டு போகும். வழக்கமாக டாக்டர் போன் வருகிற அன்றைக்கு நான் மிளகாயைத் தொடவே மாட்டேன். முந்தின நாளே கையை மோர் ஊற்றிக் கழுவி, நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு உரசி உரசி எரிச்சலை எடுத்துவிடுவேன். பிள்ளையைத் தொடுகிற கை இல்லையா. இன்றைக்குத்தான் காலையிலேயே சபரி சொல்லிவிட்டான். "அம்மா, டாக்டர் லைன்ல வர்ற வரைக்கும் மிளகாயை விட்டு எந்திரிக்காத" என்று. ஏன்டா என்றால் சிரிக்கிறான். "சாக்கு முடியணும்ல" என்கிறான். பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கிற அக்கறையைப் பாருங்க. அவன் அப்பாவுக்கு இருக்கிறதா?

சரி, கேளுங்க. பதினொரு மணிக்குத்தானே போன். இன்னும் நேரம் கிடக்கிறது.

என்னது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லணுமா?

அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேப்பரும் பேனாவுமாக இம்புட்டுத் தூரம் வெயிலில் வந்திருக்கிறீர்கள், உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை எழுதினவர் யார்? போன் வழியாகப் பார்த்த வைத்தியம் திருப்தியாக இருந்ததா, ஒன்றா, இரண்டா, மூன்றா. என் பிள்ளை தொடை எலும்பு உடைந்து நாற்பத்திரண்டு நாள் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். அதற்கு என்ன நம்பர் போடணும்? சொல்லுங்க, நான் அதையே சொல்கிறேன். நான் அஞ்சாங்கிளாசு வரைக்கும் படித்தவள். அஞ்சு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியும்.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீங்க. நான் பேசவே மாட்டேன்க்கா. எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்க, ஜோதிக்கு வாய் இருக்கிறதா என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஊமைப் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றே ஒரு பேச்சு. கடையில் நின்றால் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போனபிறகுதான் எனக்குக் கிடைக்கும். அப்படிப்பட்டவளைப் பேச வைத்துவிட்டார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம்பரைக் கடைசியில் சொல்கிறேன்.

சபரி நடக்க ஆரம்பித்தது இரண்டு வயசில். கொஞ்சம் தாமதம்தான். ஆனால் கெண்டைக்கால் இரண்டும் பார்த்தீர்களென்றால் பயில்வான் கால் மாதிரி திரண்டு இருக்கும். குளிக்க வைக்கும்போது பார்க்கிறவர்களெல்லாம், "இவன் பெரிய கபடி ஆளா வருவான்டி" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. அந்தத் திரட்சியே நோயாம்க்கா. தசைச் சிதைவு. சதை செத்து உள்ளே கொழுப்பு ஏறி அப்படிப் பெருத்துக் காட்டுமாம். ஆறு வயசில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழுந்திருக்க முட்டியில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி, தன் மேலேயே தான் ஏறுகிற மாதிரி ஏறித்தான் நிமிருவான். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அப்போதெல்லாம் நேரில்தான் போவோம். இங்கிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து உங்கள் ஊருக்கு ஒரு பஸ், இறங்கி ஒரு ஆட்டோ. இடுப்பில் அவன், தோளில் பை. இவர் லோடு வண்டி ஓட்டுகிறவர், நினைத்த நாளில் வண்டியை நிறுத்த முடியாது. பாதி தடவை நான் தனியாகத்தான் போனேன். யாரிடமும் வழி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, போர்டைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டு, ஒரு தடவை காது மூக்குப் பிரிவில் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்வேன்க்கா. அங்கே ஒரு நீள ஹால் இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுக்கிற தம்பி ஒருத்தர் கையில் கடிகாரத்தோடு நிற்பார். "அம்மா, நீங்க அந்தச் சுவத்துல போய் சாஞ்சு நில்லுங்க" என்பார். நான் நகர மாட்டேன். "போங்கம்மா, அவன் விழ மாட்டான், நான் பார்த்துக்கறேன்" என்று விரட்டுவார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். சபரி தரையில் படுத்து எழுந்திருக்கணும். பதினாறு செகண்டு. அந்தப் பதினாறு செகண்டும் நான் மூச்சு விட மாட்டேன். அவன் முக்கி முக்கி ஏறி நிமிர்ந்து என்னைத் திரும்பிப் பார்ப்பான். அப்புறம்தான் விடுவேன்.

அப்புறம் போன் வைத்தியம் என்றார்கள். இனி அலைய வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருதரம் டாக்டர் போனிலேயே பார்ப்பார், மாத்திரை தபாலில் வரும் என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர், "இம்புட்டுப் பெரிய பயலைத் தூக்கிட்டு வர்றியே, இறக்கி நடக்க விடும்மா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். அந்த ஒரு பேச்சு இல்லை என்பதற்கே நாலு நம்பர் போடலாம்.

முதல் போன் வந்த அன்றைக்கு வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. சபரிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, பொங்கலுக்கு எடுத்த சட்டை. பின்னால் சுவரில் கரி படிந்திருந்தது, அதை மறைக்க என் கல்யாணப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டோம். இவர் அதற்காகவே வண்டியை மதியத்துக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். போனை இவர்தான் பிடித்தார். நான் சபரி பக்கத்தில் உட்கார்ந்தேன். உடனே, "ஏ புள்ள, நீ படத்துல விழுற. நைட்டியோட டாக்டர் முன்னாடி உக்காருவியா? தள்ளு, தள்ளு" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும். என் மூஞ்சி அந்தச் சின்னச் சதுரத்தில் தெரிவதைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தள்ளினேன். இன்னும் கொஞ்சம் தள்ளி அவன் முதுகுப் பக்கமாக உட்கார்ந்தேன். "இப்ப சரி" என்றார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சிரித்த முகம். "சபரி, சாப்பிட்டியாடா கண்ணா?" என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பார். நடுவில் சிக்னல் போய் வாய் திறந்தபடியே நின்றுவிடுவார், இவன் அப்படியே அந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு அசையாமல் உட்காருவான். சிக்னல் வந்ததும் அவர், "என்னடா ஆச்சு, நெட்வொர்க் போயிடுச்சா உனக்கு?" என்பார். இவன், "இல்ல டாக்டர், உங்களைத்தான் வெயிட் பண்ணேன்" என்பான். சிரிப்பாகத்தான் போயிற்று.

"சரி, இப்ப தரையில படுத்து எந்திரி பார்க்கலாம். அப்பா போனைக் கொஞ்சம் பின்னாடி கொண்டு போங்க. நான் டைம் பார்க்கறேன்."

படுத்தான். எழுந்தான்.

ஒன்பது செகண்டு!

டாக்டரம்மா கையைத் தட்டினார். "சூப்பர்டா! போன தடவை பதினாறு. இப்ப ஒன்பது. மாத்திரை நல்லா வேலை செய்யுது. அப்பா, நல்லாப் பார்த்துக்கறீங்க" என்றார். இவர் போனை வைத்த கையோடு தெருவுக்குப் போய், "ஒன்பது செகண்டு, ஒன்பது செகண்டு" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? நான் கேசரி கிண்டினேன். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். சபரி மட்டும் சாப்பிடவில்லை. பசிக்கலை என்றான். கேசரி என்றால் உயிரை விடுகிற பிள்ளை.

அடுத்த தடவையும் ஒன்பது. அதற்கடுத்த தடவை எட்டு.

யாரும் தூக்கவில்லைக்கா. நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அவன் முக்குகிறபோது இந்த நாலு விரல் இருக்கிறதே, இது அவன் இடுப்புக்குக் கீழே பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தூக்குவதில்லை. ஒட்டி வைப்பதுதான். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தரம் அப்படித்தானே அவனை எழுப்புகிறேன். கக்கூசுக்கு, குளிக்க, சாப்பாட்டுக்கு. என் கைக்கு அது தனி வேலை என்றே தெரியாது. புகை வந்தால் கண்ணை மூடுகிறோம், மூடணும் என்று நினைத்தா மூடுகிறோம்?

என்னக்கா, பேனாவை நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்க. மை தீர்ந்துவிட்டதா?

இன்னும் முக்கியமான இடத்துக்கே நான் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

நாலாங்கிளாசு வரைக்கும் கீழ்த்தளம். அஞ்சாங்கிளாசு மாடி. பதினெட்டுப் படி, நான் எண்ணியிருக்கிறேன். பக்கத்தில் பிடிக்கக் கம்பிகூடக் கிடையாது, சுவர்தான். கீழே ஒரு ரூம் உடைந்த பெஞ்சு அடைத்துச் சும்மா கிடக்கிறது. அதை ஒழித்துக் கொடுத்து அஞ்சாங்கிளாசைக் கீழே போடுங்க சார் என்று கேட்கணும். நான் போனேன்க்கா. நானே போனேன். இவர் வண்டியோடு கேரளாவில். ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே அரை மணி நேரம் நின்று, உள்ளே போய், கடைசியில் கேட்டுவிட்டேன்.

அவர் தப்பானவர் இல்லை. "சும்மா வாயால சொன்னா மாத்த முடியாதும்மா. நாளைக்கு இன்னொருத்தர் வந்து என் பிள்ளைக்கு மூட்டு வலின்னு கேட்பாங்க. உங்க டாக்டர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே ரூமை ஒழிச்சுத் தர்றேன்" என்றார்.

இவர் வந்ததும் சொன்னேன். அடுத்த போனில் இவர் கேட்டார். டாக்டரம்மா, "ஓ, கண்டிப்பா அனுப்பறேன்" என்றவர், "சபரி படி ஏறுறானா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏறுவான் டாக்டர், சுவத்தைப் பிடிச்சு ஏறிருவான்" என்றார். எந்தப் படி? இதோ நீங்கள் ஏறி வந்தீர்களே, எங்கள் வாசல் படி, இரண்டே இரண்டு, அதை! பிள்ளையை டாக்டர் முன்னால் விட்டுக் கொடுக்க மனசு வரவில்லையாம். அப்புறம் நான் கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார். இதைக் கேட்டீர்களா? படித்தவர்கள் கேட்கிற கேள்விக்கு நிஜத்தைச் சொல்லாமல் பெருமைக்குப் பதில் சொன்னால், அவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கிருந்து நான் அவரோடு சரியாகப் பேசுவதே இல்லை.

கடிதம் போனில் வந்தது. இங்கிலீசில். ஜெராக்ஸ் கடையில் எடுத்து, மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல நல்லாத்தானே போட்டிருக்கு? தரையிலேர்ந்து யார் துணையும் இல்லாம ஒன்பது செகண்ட்ல எந்திரிக்கிறான். போன வருஷத்தைவிட முன்னேற்றம். சுவரைப் பிடிச்சுப் படி ஏறுறான். கூடுமானவரை கீழ்த்தளம் நல்லதுன்னு கடைசியில ஒரு வரி இருக்கு. கூடுமானவரைதான். அடுத்த வருஷம் பார்ப்போமே. நடக்கிற பிள்ளையை நாமளே முடக்கக் கூடாது பாருங்க."

முன்னேற்றம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், இல்லை சார், முன்னேற்றமில்லை என்று நான் சொல்வதா? எந்தத் தாய் சொல்வாள்? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன், ஜூலை ஓடிவிட்டது. கூட்டாளிகள் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் ஒன்றுக்கு விடுகிற பெல் அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கிறார்கள். யாரும் தள்ளவில்லை. இவன் சொல்கிறான், "யாரும் தள்ளலைம்மா, காலு மடங்கிருச்சு" என்று. மேலேயிருந்து ஆறாவது படி. அவனுக்கு எழுந்திருக்கத் தெரியாதே, அப்படியே உருண்டிருக்கிறான். நான் போனபோது வராண்டாவில் படுக்க வைத்திருந்தார்கள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஹெட்மாஸ்டர்தான் அழுதார்.

டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், தொடை எலும்பில் கீறல், மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரம் அசையாமல் படுக்கணும் என்றார்கள். போனில் டாக்டரம்மாவைப் பிடித்தால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரொம்ப நாள் படுக்க வச்சா இந்த நோய்ல கால் மறந்து போயிடும், கட்டோடவே உக்கார வையுங்க, தினமும் மத்த காலை நீட்டி மடக்குங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில், "எனக்குப் புரியலை. எட்டு செகண்ட்ல எந்திரிக்கிற பையன் படியில எப்படி இப்படி விழுந்தான்?" என்றார்.

அக்கா, அப்போதுதான் எனக்கு வந்தது. என் ஆயுசில் அப்படி நான் கத்தினதில்லை. "நீங்கதானே பார்த்தீங்க? மூணு மூணு மாசம் பார்த்தீங்களே? கண்ணு முன்னாடி பிள்ளை காலு போயிக்கிட்டு இருந்தது தெரியலையா உங்களுக்கு? எதைப் பார்த்தீங்க அதுல? புடவையையா பார்த்தீங்க?" என்று கத்தினேன். கட்டில் தலைமாட்டில் நின்றுதான் கத்தினேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. டாக்டரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடுகிறார். அப்புறம் மெதுவாக, "யாருங்க பேசுறது? யாரு அது?" என்றார்.

இவர், "அவன் அம்மா டாக்டர்" என்றார்.

"அம்மாவா? அம்மா எப்பவும் அங்கேதான் இருப்பாங்களா? போன்ல நான் பார்த்ததே இல்லையே. அம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்களேன்."

நான் போகவில்லை. அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரம் தகவல் வருகிறது, வீட்டுக்கே ஒரு ஆளை அனுப்புகிறோம், போன் வரும்போது கூடவே இருப்பார் என்று. இதோ நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஏன்க்கா என்னையே பார்க்கிறீர்கள்? நீங்கள் பேப்பரைப் பாருங்க.

என் கையையா பார்க்கிறீர்கள்? இந்த நாலு விரலையா?

நாலு விரல்க்கா! நாலு விரலால் ஒரு பிள்ளை எழுந்திருக்குமா? அவன்தான் எழுந்தான். அவன் முக்கினான், அவன் ஊன்றினான், வேர்வை அவனுக்குத்தான் கொட்டியது. நீங்கள் வேண்டுமானால் நாலு விரலை வைத்து இந்த மிளகாய்ச் சாக்கை நிமிர்த்திப் பாருங்க. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியே வைத்துக்கொள்வோம்க்கா. அந்த ஹாலில் மஞ்சள் கோடு போட்டு, போ, சுவரில் சாய்ந்து நில் என்று என்னை விரட்டினார்களே, இந்த வீட்டில் எனக்குக் கோடு போட்டது யார்? அம்மா எங்கே நிற்கணும் என்று போனில் ஒருத்தராவது சொன்னார்களா? போனை எட்டப் பிடி, பக்கத்தில் பிடி, லைட்டைப் போடு, ஃபேனை நிறுத்து, எல்லாம் சொன்னார்கள். இவரும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார், நாலு முழம்கூட இல்லை. அவரும் பிள்ளையைப் போனுக்குள்தான் பார்த்தார். தலையை நிமிர்த்தி ஒருதரம் நேரே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என் கை. தெரிந்தால் ஏய் எடு என்று சொல்லியிருக்கலாமே. நான் எடுத்திருக்க மாட்டேனா?

எடுத்திருப்பேனா என்று கேட்காதீங்க. தெரியாது.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு அம்மா சொன்னாள், எழுந்திருக்க முடியவில்லை என்று ஒருதரம் எழுதிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை எழுந்திருக்கவே போவதில்லை என்று. எழுதினால் நடந்துவிடும் என்கிற மாதிரிச் சொன்னாள். இன்னொரு நாள் அதே பெஞ்சில் இவரோட அக்கா என்னை வைத்துக்கொண்டே, "இது தாய் வழியா வர்ற சீக்காம்ல" என்று இவர் காதில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் பேசாதவள்க்கா, காது கேட்காதவள் இல்லை. என் வழியாக வந்தது என்றால் என் கை சும்மா எப்படி இருக்கும், சொல்லுங்க.

இந்த நெடி. கண்ணில் வருவதெல்லாம் நெடிதான். துடைக்கவும் முடியாது இந்தக் கையால்.

இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரித்து இன்றோடு எட்டு நாள். எலும்பு கூடிவிட்டது. இப்போது டாக்டரம்மா லைனில் வந்து, சபரி, வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து நீயாக எழுந்து நில் பார்க்கலாம் என்பார். நின்றானென்றால் காலிப்பர் அளவெடுக்க ஆள் வரும், இரும்புப் பட்டையைக் காலில் மாட்டி நடத்திப் பார்ப்பார்கள். நிற்கவில்லையென்றால் சக்கர நாற்காலி. இரண்டில் ஒன்று. அவன் நிற்கணும்க்கா. எனக்கு வேறொன்றும் வேண்டாம், உங்கள் நம்பரும் வேண்டாம், அவன் நிற்கணும்.

அவனைக் கேட்டால் வேறே பேசுகிறான். நேற்று எண்ணெய் தேய்த்துவிடும்போது, "அம்மா, நாற்காலி கொடுத்தாங்கன்னா நல்லதும்மா" என்கிறான். எனக்கு வந்ததே கோபம். வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். "ஏன்டா, உனக்கு நடக்க ஆசையில்லையா?" என்றேன். "இருக்கு. ஆனா நாற்காலில உக்காந்திருந்தா என்னைய மேல ஏத்த மாட்டாங்கல்ல. ஹெட்மாஸ்டர் சார் கீழ் ரூமை ஒழிச்சுத்தான் ஆகணும். நான் பள்ளிக்கூடம் போயிருவேன்" என்கிறான். எப்படி யோசிக்கிறது பாருங்க. கட்டிலில் கிடந்து கிடந்து இதைத்தான் யோசித்திருக்கிறான். நான் ஒரு பக்கம் சாமிக்குக் காசு முடிந்து வைத்துக்கொண்டு அலைகிறேன், இவன் ஒரு பக்கம் நாற்காலிக்கு ஏங்குகிறான். "டாக்டர்ட்ட இப்படி எதையாவது உளறி வச்ச, பார்த்துக்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் சிரிப்புத்தான். சிரித்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. டாக்டரே பார்த்துக்குவாங்க" என்கிறான்.

இவரை வாக்கர் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். போனை ஜன்னல் கட்டையில் சாத்தி வைத்தாயிற்று, இன்றைக்கு யாரும் பிடிக்க வேண்டாம். நீங்கள் இடது பக்கம் நின்றுகொள்ளுங்க, கால் நழுவினால் பிடித்துக்கொள்ளுங்க. நான் வழக்கம்போலக் கட்டிலோரமாகப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். படத்தில் விழ மாட்டேன்.

நம்பர்தானே, சொல்கிறேன். எழுதிக்கங்க. அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு...

மணி அடிக்கிறது போல. போன்தான். ஐயோ, பதினொன்றாகிவிட்டதா? இன்னும் கால் சாக்கு கிடக்கிறது, மோர்கூட எடுத்து வைக்கவில்லையே. அந்தச் சொம்பை இப்படித் தள்ளுங்கக்கா, தண்ணியிலாவது கழுவிக்கொண்டு போகிறேன்.

"அம்மா! டாக்டர் வந்துட்டாங்க!"

"வர்றேன்டா! கையைக் கழுவிட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் எந்திரிக்காத!"

"கழுவாதம்மா. அப்படியே வா. வந்து டாக்டருக்குத் தெரியிற மாதிரி உக்காரு."

கேட்டீர்களா அவன் பேச்சை? டேய், கையெல்லாம் மிளகாய்டா, உன் மேல பட்டா எரியும்டா, கழுவாம நான் எப்படிடா உன்னையத் தொட...